தற்செயலுக்கு இரண்டு நாள்

ஏப்ரல் 19, ஞாயிறு

மே மாதம் சென்னையில் மூன்று நாள் தங்குவது என்று முடிவாயிற்று. நான்தான் முடிவு செய்தேன். சேலம் மாவட்ட நூலகத்தில் முப்பத்து நான்கு ஆண்டுகள் சுற்றுலா நூல்களுக்கு அட்டை போட்டு அடுக்கியவன், ஓய்வு பெற்ற பிறகாவது எங்கேனும் சும்மா போய்ப் பார்க்க வேண்டாமா என்று சொர்ணத்திடம் கேட்டேன். "வெயினியையும் பார்த்த மாதிரி இருக்கும்" என்றாள். உண்மையில் அதற்காகத்தான் போகிறோம். அதை இருவரும் சொல்லிக்கொள்ளவில்லை.

வெயினி எங்கள் ஒரே மகள். முழுப்பெயர் இளவெயினி, பெயர் வைத்தது நான், அதற்கான கேலியை அனுபவித்தது அவள். சென்னையில் லிப்ட்டுகளைச் சோதித்துச் சான்றிதழ் தரும் நிறுவனம் ஒன்றில் பொறியாளர். வயது முப்பத்தொன்று. ஜனவரியில் ஏழாவது முறையாகப் பெண் பார்க்க வந்தார்கள். கேசரி நன்றாக இருந்தது. மாப்பிள்ளையின் பெரியப்பா, "பொண்ணு அந்த ஜன்னல் வரைக்கும் நடந்துட்டு வரட்டும்" என்றார். வெயினி ஜன்னல் வரை நடந்தாள். அங்கிருந்து வாசல், வாசலிலிருந்து ஆட்டோ, ஆட்டோவிலிருந்து பேருந்து நிலையம், அப்படியே சென்னை. அதற்குப் பிறகு வீட்டுக்கு வரவில்லை. மறுநாள் போனில் என்னிடம் சொன்னாள்: "அப்பா, இனிமே எனக்குத் தெரியாம யாரையாவது கொண்டுவந்து காட்டினா, ஞாயித்துக்கிழமை போனும் கிடையாது. உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்."

இன்று பத்து மணிக்குக் கூப்பிட்டாள். பதினான்கு நிமிடம் பேசினோம். அதில் சொர்ணத்துக்கு இரண்டு நிமிடம் கிடைத்தது.

ஏப்ரல் 22, புதன்

ரயில் டிக்கெட் எடுக்கக் கிளம்பும்போது சொர்ணம் வாசல் வரை வந்தாள்.

"என்னங்க, அவ்வளவு தூரம் போறோம். அப்படியே கடல் பக்கம் ரெண்டு நாள் இருந்துட்டு வரலாமுங்க."

சென்னையிலேயே கடல் இருக்கிறது என்பதை நினைவூட்டினேன்.

"அது கூட்டமான கடலு. கடலூர்ல காத்து நல்லா இருக்குமாம். மூட்டு வலிக்கு நல்லதுன்னு டாக்டர் சொன்னாரு."

"எந்த டாக்டர்?"

"டி.வி.ல."

சென்னையிலிருந்து கடலூருக்குப் போகவர மூன்று இருக்கை சேர்த்து எடுத்தேன். மூன்றாவது வெயினிக்கு. திங்கட்கிழமை விடுப்பு எடுக்கும்படி சொர்ணமே அவளிடம் பேசிவிட்டாள். கல்யாணமாகி முப்பத்து மூன்று வருடத்தில் கொல்லிமலைக்குக்கூட வராதவளுக்கு இந்தத் திடீர்க் கடல் ஆர்வம் எங்கிருந்து வந்தது என்று வியந்தேன். வியப்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

ஏப்ரல் 24, வெள்ளி

வந்த இடம் தெரிந்துவிட்டது. சொர்ணத்தின் தலையணைக்கு அடியில் ஒரு புகைப்படம் இருந்தது. முப்பது வயதுக்குள் ஒரு ஆள். தலையில் அடர்ந்த முடி. முகத்தைவிட முடிதான் படத்தில் அதிகம். பின்பக்கம், "திருமாறன், கல்லூரி வேதியியல் ஆசிரியர், வேலூர்."

"பையனும் அவங்கம்மாவும் அன்னிக்குக் கடலூர்ல நாம தங்கற விடுதிக்கே வராங்க. பையனுக்கும் தெரியாது, வெயினிக்கும் தெரியாது. தற்செயலாப் பார்த்த மாதிரி இருக்கணும். பேரு, ஊரு எதையும் நாமளும் கேட்கக் கூடாது, அவங்களும் கேட்க மாட்டாங்க. கேட்டா அது பொண்ணு பார்க்கறதாயிடும்."

எதிர்ப்புத் தெரிவித்தேன். கேட்டுக்கொண்டாள். பிறகு, "அப்ப டிக்கெட்டை ரத்து பண்ணிட்டு வெயினிகிட்ட என்ன காரணம் சொல்லுவீங்க?" என்றாள்.

டிக்கெட்டுகளை மேசை இழுப்பறையில் பத்திரமாக வைத்தேன்.

மே 6, புதன்

சென்னை. வெயினி எழும்பூர் நிலையத்துக்கே வந்திருந்தாள். இளைத்திருக்கிறாள் என்றாள் சொர்ணம். எனக்கு அப்படித் தெரியவில்லை. நான்கு மாதம் கழித்துப் பார்ப்பதால் கண் சரியாக அளவெடுக்கவில்லையோ என்னவோ.

மே 7, வியாழன்

காலை அருங்காட்சியகம். நடராசர் சிலைகளுக்கு முன் நான் ஒரு மணி நேரம் நின்றேன். சொர்ணம் காவலருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அவருடைய மகள்களின் கல்யாணத்தைப் பற்றி முழுவதும் கேட்டறிந்தாள்.

மாலை தியாகராய நகர். சொர்ணம் வெயினிக்குக் கரும்பச்சையில் ஒரு பட்டுப் புடவை எடுத்தாள்.

"கடலுக்குப் போறப்ப கட்டிக்க."

"கடல்ல இறங்கறதுக்குப் பட்டாம்மா?"

"இறங்க வேண்டாம். கரையில நில்லு."

வெயினி என்னைப் பார்த்தாள். கடையில் விலைச்சீட்டு எழுத்து மிகச் சிறியதாக இருக்கிறது. அதை வாசித்துக்கொண்டிருந்தேன்.

மே 8, வெள்ளி

"அப்பா, இந்தக் கடலூர்ல ஒண்ணும் இல்லையே?" என்று காலையில் கேட்டாள்.

கடல் இருக்கிறது என்றேன். இது உண்மை.

"யாரையாவது பார்க்கப் போறோமா?"

பழைய வெள்ளைக்காரர் கோட்டை ஒன்றைப் பார்க்கப் போகிறோம் என்றேன். இதுவும் பெருமளவு உண்மை.

"சத்தியமா வேற ஒண்ணும் இல்லையே?"

"சத்தியமாக இல்லை."

இன்று வேறு விசேஷம் இல்லை.

மே 9, சனி

காலை ரயிலில் கிளம்பி, பதினொரு மணிக்குத் திருப்பாதிரிப்புலியூர் நிலையத்தில் இறங்கினோம். தேவனாம்பட்டினம் கடற்கரையோரம் விடுதி, மூன்று மாடி. பதிவேட்டில் கையெழுத்துப் போடும்போது, மேலாளர் கலியபெருமாள் குரலைத் தாழ்த்தினார்.

"பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா சார்?"

"சுற்றுலா" என்றேன்.

"எல்லாரும் அதான் சார் சொல்றாங்க. சாப்பாட்டுக் கூடத்துல ஜன்னலோர மேசைல உக்காருங்க. வெளிச்சம் நல்லா விழும். சனி ஞாயிறு ரெண்டு மூணு தற்செயலாவது நடக்கும் நம்மகிட்ட. இதுவரைக்கும் பதினோரு கல்யாணம்."

அவர் தொழிலை அறிந்தவர். நான் மறுக்கவில்லை.

வெயினி இதைக் கேட்கவில்லை. அவள் லிப்ட்டுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். கதவில் 'பழுது. படியைப் பயன்படுத்தவும்' என்று ஒரு அட்டை தொங்கியது. அட்டையின் ஓரங்கள் மஞ்சளாகிவிட்டிருந்தன. "எவ்வளவு நாளா இப்படி?" என்று கேட்டாள். "தீபாவளிக்கு முந்தி" என்றார் கலியபெருமாள். "போன தீபாவளியா?" என்றாள். அவர் தரையைப் பார்த்தார். பெட்டியை என்னிடம் கொடுத்துவிட்டு ஸ்குரூ டிரைவர் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டாள். பட்டுப் புடவை பெட்டியிலேயே இருந்தது.

மதியம் ஜன்னலோர மேசை. பக்கத்து மேசையில் ஒரு அம்மாளும் மகனும். மகனுக்கு அடர்ந்த முடி. சொர்ணம் மேசைக்கடியில் என் காலை மிதித்தாள். நான் தலையசைத்தேன். முடி அதே முடிதான்.

"கடல் பார்க்க வந்தீங்களா?" என்று அந்த அம்மாள்தான் ஆரம்பித்தார்.

"ஆமாங்க. சும்மா."

"நாங்களும் சும்மாதான்."

இரண்டு சும்மாக்களும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொண்டன. அதன்பின் பேச்சு தடையில்லாமல் ஓடியது.

"எங்க தம்பி சொந்தமாச் சமைச்சுக்குவான். குணத்துல தங்கம்."

"எங்க பொண்ணுக்குக் கோவம்னா என்னன்னே தெரியாதுங்க" என்றாள் சொர்ணம்.

நான் கடலைப் பார்த்தேன்.

தங்கமானவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் பென்சீன் வளையத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்டேன். வேதியியல் ஆசிரியர் என்பதால் மகிழ்வார் என்று நினைத்தேன். "தெரியல சார்" என்றார். அடக்கம். வெயினி ஒரு நிமிடம் வந்து இரண்டு சப்பாத்தியைச் சுருட்டிக்கொண்டு, "மேல மோட்டார் அறையில இருக்கேன்" என்று சொல்லிவிட்டு ஓடினாள். கையெல்லாம் கிரீஸ். "கூச்ச சுபாவம்" என்றாள் சொர்ணம். "பார்த்தாலே தெரியுதே" என்றார் அந்த அம்மாள்.

இன்னொரு மேசையில் மாம்பழ நிறப் புடவையில் ஒரு அம்மாள் தனியாக உட்கார்ந்திருந்தார். எங்களைக் கடந்து குழாயடிக்கு நாலு தடவை போனார், வந்தார். ஒரு தடவை இருமினார். ஒரு தடவை சாவிக்கொத்தை எங்கள் மேசையருகே கீழே போட்டார். நான் எடுத்துக் கொடுத்தேன். நன்றி சொல்லாமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். "அந்தம்மா என்னங்க இப்படி மொறைக்குது?" என்றாள் சொர்ணம். தனியாக ஊருக்கு வருகிறவர்களுக்கு இப்படித்தான் ஆகிவிடும் என்றேன்.

மாலை அறையில் வெந்நீர் வரவில்லை. மொட்டை மாடிக்குப் போகும் படியில் லிப்ட் மெக்கானிக்கைப் பார்த்தேன். முப்பத்தைந்து வயதிருக்கும், வழுக்கை, கையில் டார்ச். வெயினி உள்ளேயிருந்து, "இன்னும் கொஞ்சம் இடது பக்கம் காட்டுங்க" என்று சொல்ல, சொன்னபடி காட்டிக்கொண்டிருந்தான். "தம்பி, பன்னிரண்டாம் அறையில வெந்நீர் வரலை, பார்க்கறீங்களா?" என்றேன். ஒரு கணம் என்னைப் பார்த்தான். பிறகு, "இதோ பார்க்கறேன் சார்" என்று போனான். பத்தே நிமிடத்தில் ஒரு பக்கெட் வெந்நீரை அவனே படியேறிச் சுமந்து வந்து வைத்தான். இருபது ரூபாய் கொடுத்தேன். வேண்டாம் என்றான், வற்புறுத்தியதும் வாங்கிக்கொண்டான். இந்தக் காலத்தில் இப்படிச் சிரித்த முகத்தோடு வேலை செய்யும் ஆள் கிடைப்பது அரிது. கலியபெருமாளிடம் அவனைப் பற்றி நல்லபடியாகச் சொல்ல வேண்டும்.

மே 10, ஞாயிறு, காலை பதினொரு மணி

சொல்ல வேண்டியிருக்கவில்லை.

எட்டரை மணிக்கு ஜன்னலோர மேசையில் பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். பக்கத்து அம்மாள், "அடுத்த மாசமே நல்ல நாள் இருக்கு" என்ற இடத்துக்கு வந்துவிட்டிருந்தார். அப்போது பெட்டிகளோடு ஒரு குடும்பம் நுழைந்தது. நடுவில் பட்டுப் புடவையில் ஒரு பெண். அவளுடைய அப்பா எங்கள் மேசைக்கு வந்து, பக்கத்து அம்மாளிடம், "மன்னிச்சுக்கங்க, நேத்தே வந்திருக்கணும். கும்பகோணத்துல வண்டி கிடைக்கல. கடல் பார்க்கலாம்னு சும்மா வந்தோம்" என்றார்.

இது மூன்றாவது சும்மா. மேசையில் இரண்டு சும்மாவுக்குத்தான் இடம்.

பக்கத்து அம்மாள் எங்களைத் திரும்பிப் பார்த்தார். "அப்ப நீங்க யாரு?"

கலியபெருமாள் சட்னி வாளியோடு ஓடி வந்தார். "அம்மா, இவங்க சேலம். நீங்க திருச்சி. திருச்சிக்குக் கும்பகோணம். சேலத்துக்கு வேலூரு, அதோ அந்த மூலை மேசை. யாராவது பேரைக் கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேன். யாரும் கேக்கல!"

மூலை மேசையிலிருந்து மாம்பழ நிறம் எழுந்து வந்தது.

"நான்தான் மங்கையர்க்கரசி. நேத்துலேருந்து நாலு வாட்டி உங்க முன்னாடி நடந்தேன். இருமினேன். சாவியக் கீழ போட்டேன். இன்னும் என்னம்மா செய்யணும், கோலாட்டம் ஆடணுமா?"

"நீங்க தனியால்ல உட்கார்ந்திருந்தீங்க?" என்றாள் சொர்ணம். "பையன் எங்கங்க?"

"யாருக்குத் தெரியும்? யாரோ டார்ச் புடிக்க ஆள் இல்லன்னு கூப்புட்டாங்கன்னு போனான். நேத்துலேருந்து சாப்பாட்டுக்குக்கூட இறங்கல."

எனக்கு வெந்நீர் நினைவுக்கு வந்தது.

"படத்துல முடி..." என்று இழுத்தாள் சொர்ணம்.

"எட்டு வருசத்துக்கு முந்தி எடுத்ததும்மா. நல்லா வந்திருந்துச்சேன்னு அதையே குடுத்துட்டேன்."

திருச்சியும் கும்பகோணமும் தங்கள் தற்செயலை ஆரம்பத்திலிருந்து தொடங்கின. நாங்கள் மூவரும் மாடிக்குப் போவதற்காகப் படியருகே வந்தோம். அந்த நேரம் பார்த்து லிப்ட் தானாக இறங்கி வந்து நின்றது. கதவு திறந்தது. உள்ளே வெயினியும் டார்ச்சும். இருவர் முகத்திலும் கிரீஸ். வெளியே நான், சொர்ணம், மங்கையர்க்கரசி, பின்னால் வாளியோடு கலியபெருமாள்.

"என்ன, எல்லாரும் லிப்ட்டுக்கா நிக்கிறீங்க?" என்றாள் வெயினி.

"ஆமாம்" என்றோம்.

ஆகவே எல்லோரும் ஏறி மூன்றாவது மாடிக்குப் போனோம். அங்கே யாருக்கும் எந்த வேலையும் இல்லை.

"வெந்நீர் போதுமா இருந்துச்சா சார்?" என்று திருமாறன் கேட்டார்.

"நன்றாகச் சுட்டது" என்றேன்.

அதே நாள், மாலை

சொர்ணமும் மங்கையர்க்கரசியும் பதினைந்து நிமிடத்தில் சமாதானமாகிவிட்டார்கள். பிள்ளைகள் தாங்களாகவே பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்பதைவிடப் பெரிய சகுனம் கிடையாதாம். அறைக் கதவைச் சாத்திவிட்டுச் சொர்ணம் எனக்கு உத்தரவு போட்டாள்.

"இப்ப யாரும் ஒண்ணும் சொல்லக் கூடாது. நாம ஏற்பாடு பண்ணினதுன்னு தெரிஞ்சா ரெண்டு பேரும் எழுந்து போயிடுவாங்க. தற்செயல் தற்செயலாவே இருக்கட்டும். வாயைத் திறந்தீங்க, அப்புறம் பாருங்க."

"சத்தியம் செய்திருக்கிறேன், சொர்ணம்."

"செஞ்சாச்சில்ல? அப்படியே விடுங்க."

இதில் ஒரு நியாயம் இருக்கிறது. காரியம் நன்றாகவே நடக்கிறது. நான் சொன்னால் கெடும். சொல்லாவிட்டால் நல்ல இடத்தில் கல்யாணம்கூட நடக்கலாம். அந்தக் கல்யாணத்தில் நான் முதல் வரிசையில், சத்தியம் செய்த வாயோடு உட்கார்ந்திருப்பேன். என்றைக்காவது அவளுக்குத் தெரியத்தான் போகிறது. கலியபெருமாளே பன்னிரண்டாவது கல்யாணம் என்று பலகையில் எழுதிப் போட்டுவிடக் கூடியவர்.

வெயில் தாழ்ந்ததும் வெயினி என்னைக் கடற்கரைக்கு அழைத்துப் போனாள். இருவரும் கணுக்கால் நனைய நின்றோம்.

"கோட்டையப் பார்க்கலையே அப்பா? அதுக்குத்தானே வந்தோம்?"

"நேரம் அமையவில்லை."

"வேற ஏதாவது சொல்லணுமா?"

"அலை நன்றாக இருக்கிறது" என்றேன்.

"ம். நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

மே 11, திங்கள்

பிற்பகல் ரயில். கிளம்பும்போது திருமாறன் எங்கள் பெட்டிகளைத் தூக்கி வந்து ஆட்டோவில் வைத்தார். இந்த முறை நான் ஒன்றும் கொடுக்கவில்லை.

விழுப்புரம் தாண்டுவதற்குள் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். சொர்ணம் எனக்கும் வெயினிக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டாள். திண்டிவனத்தில் சொல்லலாம் என்று பார்த்தேன். சொர்ணம் முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்து என் வாயருகே நீட்டினாள். மேல்மருவத்தூருக்குப் பிறகு அவள் தலை சாய்ந்தது. கண் மூடிற்று. மூச்சு சீரானது. எழுந்து எதிர் இருக்கைக்கு மாறினேன்.

பாலாற்றுப் பாலத்தில் வாயைத் திறந்தேன். பாலத்தின் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. செங்கல்பட்டு வந்தது. சுண்டல்காரர் ஏறி எங்கள் இருவருக்கும் நடுவிலேயே நின்று, முன்னும் பின்னும் இருந்தவர்களுக்கெல்லாம் பொறுமையாக மடித்துக் கொடுத்தார். வண்டி கிளம்பியதும் ஜன்னலுக்கு வெளியே ஏரி வந்தது. வெயினி ஏரியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி ஏரியைப் பார்த்தாள். மே மாதத்திலும் தண்ணீர் பரந்து கிடந்தது, அதில் நாரைகள். அவள் இவ்வளவு ஆவலாக இயற்கையை ரசித்து நான் பார்த்ததில்லை; கெடுக்க வேண்டாம் என்று காத்திருந்தேன். ஏரி முடிந்தது. குடியிருப்புகள் வந்தன.

"கண்ணு" என்றேன். "வெள்ளிக்கிழமை நான் செய்தது பொய்ச் சத்தியம். இது ஏற்பாடு. திருமாறனுடைய படம் இரண்டு வாரத்துக்கு முன்னாலேயே வீட்டுக்கு வந்துவிட்டது. எனக்குத் தெரியும். தெரிந்தும் டிக்கெட்டை ரத்து செய்யவில்லை. அவருக்கு ஒன்றும் தெரியாது, அவரைக் கோபிக்காதே. என்னிடம் பேசாமல் இருந்தாலும் நியாயம்தான்."

வெயினி நெற்றியில் கை வைத்துக்கொண்டாள்.

"அய்யோ அப்பா! ஏரி முடிஞ்சு போச்சே!"

எனக்குப் புரியவில்லை.

"பட்டுப் புடவை எடுத்தப்பவே எனக்குத் தெரியும்பா. சனிக்கிழமை சாயங்காலம் அவர் வந்து, 'உங்கப்பா எனக்கு இருபது ரூபாய் குடுத்திருக்காரு, உங்கம்மா வேற யாருக்கோ பொண்ணு குடுத்துட்டிருக்காங்க, நாம என்ன பண்ணலாம்'னு கேட்டாரு. அவருக்கும் அவங்கம்மா புதுச் சட்டை எடுத்தப்பவே தெரியுமாம். முதல்ல லிப்டை முடிப்போம்னேன்."

"அப்படியானால் இரண்டு நாளாக..."

"நீங்களாச் சொல்லணும்னு இருந்தேன். கடல்லகூட கேட்டுப் பார்த்தேன். அவர், 'உங்கப்பா சொல்ல மாட்டாரு'ன்னாரு. 'எங்கப்பாவால ரொம்ப நேரம் பொய்யை வச்சுக்கிட்டு இருக்க முடியாது, செங்கல்பட்டு ஏரி முடியறதுக்குள்ள சொல்லிடுவாரு'ன்னு நான் பந்தயம் கட்டினேன். ஏரி வரைக்கும் வந்துட்டு இப்படிக் கவுத்துட்டீங்களே!"

"சுண்டல்காரர்..." என்று ஆரம்பித்தேன். அது எடுபடவில்லை.

"தோத்தா என்ன?" என்று கேட்டேன்.

"தோத்தவங்க ஜெயிச்சவங்க ஊருக்குப் போய் சாப்பாடு வாங்கிக் குடுக்கணும்." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "மே மாசத்துல வேலூருக்கு எவன் போவான்? இந்த வெயில்ல. அடுத்த சனிக்கிழமை வேற எனக்கு வேலை ஒண்ணும் இல்ல."

நாள்கூடக் குறித்துவிட்டிருந்தாள்.

சொர்ணம் தலையைச் சாய்த்தபடியே இருந்தாள். மூச்சு சீராக இருந்தது. கண்ணைத் திறக்காமல், "வேலூருக்குக் காட்பாடியில இறங்கணும்" என்றாள்.

வெயினி சிரித்த சத்தத்தில் சுண்டல்காரர் திரும்பி வந்து யாராவது கூப்பிட்டீர்களா என்று கேட்டார்.

வண்டி இன்று ஒரு சிக்னலிலும் நிற்கவில்லை. எழும்பூருக்குக் குறித்த நிமிடத்தில் வந்து சேர்ந்தது. செங்கல்பட்டில் ஐந்து நிமிடம் நிறுத்தி வைத்திருந்தால் என் மகள் ஜெயித்திருப்பாள். இது குறித்து ரயில்வேக்குப் புகார் எழுதலாமா என்று யோசித்தேன். வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.